குப்பையும் ஊர்க் கட்டுப்பாடும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முடிசூட்டு விழாக்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் தேடிச் செல்கின்றனர். வீட்டு வாசலில் பெருக்கிய குப்பை எங்கே போயிற்று என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் மக்கள் ஓரிடத்தில் கூடி வாழத் தொடங்கிய நாள் முதல், எந்த இடத்தில் தீ மூட்டலாம், எந்த இடத்தில் கழிவைக் கொட்டலாம், பொது வழியில் எதை நட்டு வைக்கலாம் என்னும் வினாக்கள் அவர்களை விட்டு நீங்கியதில்லை. இவ்வினாக்களுக்கு ஊரார் கண்ட விடைகளே ஊர்க் கட்டுப்பாடுகள். அவற்றின் வரலாற்றைத் திருவனந்தபுரத்தையும் அதன் அருகிலுள்ள ஒரு கிராமத்தையும் நடுவாக வைத்து இங்கே ஆராய்வோம்.

இத்தகைய விதிகளுள் மிகப் பழையன சில, கௌடில்யரின் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் உள்ளன. நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்நூலை மைசூரில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909ஆம் ஆண்டில் அச்சேற்றினார். பின்னர் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையின் பதிப்பாசிரியர் மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரி, தாமே எழுதிய உரையுடன் 1924, 1925ஆம் ஆண்டுகளில் அதனை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் புகழ் பெற்றவர். இவ்விரண்டு ஊர்ப் பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. இக்கட்டுரையின் இறுதியில் அவை மீண்டும் சேர்ந்து வரும்.

நகரக் காவலைப் பற்றிய அத்தியாயத்தில் அந்நூல் கூறுவது வியப்பைத் தருகிறது. தெருவில் புழுதியைக் கொட்டியவனுக்கு அரைக்கால் பணம் தண்டம். சேற்று நீரைத் தேக்கியவனுக்குக் கால் பணம். இராஜவீதியில் செய்தால் இரு மடங்கு. நாய், பூனை, கீரி, பாம்பு ஆகியவற்றின் உடலை ஊருக்குள் எறிந்தால் மூன்று பணம். தீயைப் பற்றிய விதிகள் இவற்றினும் விரிவானவை. வேனிற் காலத்தில் பகலின் நடுப்பொழுதில் வீட்டினுள் தீ மூட்டுதல் ஆகாது. நீர்க்குடம், ஏணி, கோடரி, முறம், கொக்கி, தோற்பை ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருத்தல் வேண்டும். அண்டையில் பற்றிய தீயை அணைக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்குப் 12 பணமும், வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு 6 பணமும் தண்டம். கவனக் குறைவால் தீப்பிடிக்கச் செய்தவனுக்கோ 54 பணம்.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வளவு செல்லுபடியாயின என்பது வேறு வினா. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமது கண்ணில் முதலில் படுவது அவற்றின் வாக்கிய அமைப்பு. 'கொட்டியவன்', 'தேக்கியவன்', 'ஓடிவராதவன்' என்று வீட்டில் குடியிருக்கும் மனிதனே இங்கு எழுவாயாக நிற்கின்றான். சட்டத்தின் கை நேரே அவனுடைய வாசற்படியைத் தொடுகிறது. பிற்காலச் சட்டங்களில் இந்த எழுவாய் எவ்வாறு மாறியது, மீண்டும் எவ்வாறு திரும்பி வந்தது என்பதே குப்பையின் வரலாறு என்று கூறலாம்.

பழைய திருவிதாங்கூர்க் கிராமத்தில் குப்பை ஒரு பெரிய சிக்கலாக இருக்கவில்லை. வீடுகள் நெருங்கிய தெருக்களாக அமையாமல், தென்னையும் பலாவும் வாழையும் சூழ்ந்த தோட்டங்களின் நடுவே தனித்தனியே நின்றன. சமையலறைக் கழிவு தென்னையடிக்குப் போயிற்று. காய்ந்த ஓலையும் மட்டையும் அடுப்பெரித்தன. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் தென்னைக்கு உரமாகவும் பயன்பட்டது. முற்றத்தைப் பெருக்கிய சருகை மாலையில் ஒரு மூலையில் குவித்துக் கொளுத்துவது அன்றாட வழக்கம். மண்ணிலிருந்து வந்த பொருள் மண்ணுக்கே திரும்பியதால், அதற்கெனத் தனி விதி எழுத வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

நகரம் வளர்ந்தபோது நிலைமை மாறிற்று. 1920ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற்கு நகரசபை அமைந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1940ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அது மாநகராட்சியாக உயர்ந்தது. குப்பையை அப்புறப்படுத்துவது இனி நகரசபையின் வேலை என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது. வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது. அப்பால் வண்டியின் பொறுப்பு, நகரசபையின் பொறுப்பு. சட்ட வாக்கியத்தின் எழுவாய் வீட்டுக்காரனிடமிருந்து நகரசபைக்கு மாறிவிட்டது.

எல்லா நகரங்களிலும் இப்படியே நடந்தது என்று எண்ண வேண்டா. பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் 1883ஆம் ஆண்டின் இறுதியில், பூபெல் என்னும் ஆட்சித்தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மூடியுள்ள தொட்டிகளை வைக்க வேண்டும். அழுகும் பொருள் ஒன்றில், தாளும் துணியும் ஒன்றில், கண்ணாடியும் மண்பாண்ட ஓடும் சிப்பியும் ஒன்றில் என மூன்றாகப் பிரித்து இட வேண்டும் என்பது அவ்வாணை. வீட்டுக்காரர்கள் செலவைச் சொல்லி முணுமுணுத்தனர். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் வயிற்றில் மண் விழுந்தது என்று குமுறினர். அவருடைய பெயரையே மக்கள் குப்பைத் தொட்டிக்குச் சூட்டினர். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் 'பூபெல்' என்பதே பெயர். ஏளனமாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் அக்காலத்தில் நிலைக்கவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கழிவைச் சேகரித்தல், பிரித்தல், கொண்டு செல்லுதல், பக்குவப்படுத்துதல் ஆகிய அனைத்திற்கும் நகராட்சி அமைப்புகளே பொறுப்பு என்பது அவ்விதிகளின் அடிப்படை. அதே ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சிக்காக ஓர் உர ஆலை தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை உரமாக்கும் நோக்கத்துடன் அமைந்த அவ்வாலை நகரத்தின் எல்லைக்குள் இல்லை. நகரின் கிழக்கே, விளப்பில் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்த விளப்பில்சாலையில் அது நிறுவப்பட்டது.

நகரத்தார் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. காலையில் குப்பை வாசலை விட்டு நீங்குகிறது. அதன் பின்னர் கண்ணுக்கும் தெரிவதில்லை, மூக்குக்கும் தெரிவதில்லை. கிராமத்தார்க்கோ அந்நாள் முதல் வேதனை தொடங்கியது. நகரத்துக் குப்பை பிரிக்கப்படாமலே வந்தது. மீன் கழிவும், இறைச்சிக் கழிவும், பிளாஸ்டிக் பையும், உடைந்த கண்ணாடியும் ஒன்றாகக் கலந்த குவியலிலிருந்து நல்ல உரம் எடுப்பது அரிது. உரமாகாது எஞ்சியது மலைபோல் குவிந்தது. கேரளத்தின் இரு பருவ மழையும் அதன்மீது பெய்தபோது, கரிய கழிவு நீர் ஊறி வழிந்து, கரமனை ஆற்றை நோக்கிச் செல்லும் மீனம்பள்ளித் தோட்டில் கலந்தது. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. துர்நாற்றத்தையும், மூச்சுத் திணறலையும், ஓடை நீர் கெட்டதையும் பற்றிக் கிராமத்தார் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் விளப்பில் பஞ்சாயத்து ஆலையின் வாயிலைப் பூட்டிற்று. ஒரு சிறு கிராமப் பஞ்சாயத்து, தலைநகரத்தின் குப்பை வண்டிகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. மாநகராட்சி நீதிமன்றத்தை நாடிற்று; ஆலைக்குப் போலீஸ் பாதுகாப்பு அளிக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2012 பிப்ரவரியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறிகளைப் போலீஸ் துணையுடன் கொண்டுவர முயன்றபோது, பெண்களும் குழந்தைகளும் உட்பட ஊரே சாலையில் திரண்டு மறித்தது. பொறிகள் திரும்பிச் சென்றன. அவ்வாண்டு அக்டோபரில் அவை விடியுமுன் கொண்டு சேர்க்கப்பட்டன. பஞ்சாயத்துத் தலைவி உண்ணா நோன்பு இருந்தார். முடிவில், ஆலை திறக்கப்படமாட்டாது என்று அரசு உறுதி கூற நேர்ந்தது. பிற்காலத்தில் அவ்வூரிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு நிலையான வளாகம் அமைக்க முடிவு செய்யப்பட்டது. அப்பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அப்துல் கலாம் அவர்களின் பெயரை.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? மாநகராட்சியை முற்றிலும் பழிப்பது எளிது, அது நேர்மையாகாது. குப்பையை அகற்றுதல் அதன் சட்டக் கடமை. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் அக்கடமையை அதற்கு விதித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமோ, திடக்கழிவைச் சேகரித்து அகற்றுவதைக் கிராமப் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரு சட்டங்கள். இரண்டின் வழியிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு சபைகள். ஒன்று தன் நகரத்தைத் தூய்மையாக வைக்க முயன்றது. மற்றது தன் கிராமத்தைத் தூய்மையாக வைக்க முயன்றது. இரண்டும் மோதிக்கொண்டதற்குக் காரணம், இரண்டு சட்டங்களிலும் வீட்டுக்காரன் வெறும் பார்வையாளனாக நின்றுவிட்டதுதான்.

ஆலை மூடப்பட்ட பின் நகரம் திகைத்தது. சாலையோரங்களில் குப்பை குவிந்தது. குவிந்த குப்பைக்குத் தீ வைத்தல் எளிய வழியாகத் தோன்றியது. சருகு எரித்த பழைய பழக்கம் கைக்கு உதவிற்று. ஆனால் எரிந்தது இப்போது சருகு மட்டுமன்று. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் திறந்த வெளியில் குறைந்த வெப்பத்தில் புகையும்போது, அமில ஆவியும் டையாக்சின் எனப்படும் கொடிய நச்சுப் பொருளும் பிறக்கின்றன. டையாக்சின் சிதைய வேண்டுமானால் 850 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். தெருவோரக் குப்பைத் தீ அந்நிலையை எட்டுவதில்லை. எரித்தவர் கண்ணுக்குக் குப்பை மறைகிறது. உண்மையில் அது அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் இடம் மாறுகிறது.

புகையைச் சட்டத்தால் தடுக்க முடியுமா என்று ஐயுறுவோர் லண்டன் மாநகரை எண்ணிப் பார்க்கலாம். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை மூடி அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டு, வீட்டு அடுப்பின் புகையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் நாட்டில் 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் தண்டம் விதித்தது. இத்தடை எவ்வளவு தேவையானது என்பதை 2023 மார்ச் மாதம் காட்டிற்று. கொச்சி மாநகராட்சியின் குப்பை மேடு உள்ள பிரம்மபுரத்தில் மார்ச் 2ஆம் நாள் மூண்ட தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்து, நகரத்தையே மூச்சுத் திணற வைத்தது. அம்மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பிரம்மபுரமும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஒரு கிராமப் பஞ்சாயத்தில் உள்ள இடமே.

விளப்பில்சாலையின் பூட்டு நகரத்திற்கு ஒரு பாடத்தையும் கற்பித்தது. கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லையென்றான பின்பே, பிறந்த இடத்திலேயே குப்பையைத் தீர்க்க வழி தேடினர். வீடுகளுக்குக் குழாய் உரக்கலமும் அடுக்குத் தொட்டியும் வழங்கப்பட்டன. இடமில்லாதவர்க்காகத் தெருவோரங்களில் 'தும்பூர்முழி' முறைத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை இது. நாற்புறமும் காற்றுப் புகும் இடைவெளியுள்ள நான்கடிச் சதுரத் தொட்டியில் சாணம் ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு, உணவுக் கழிவு ஓர் அடுக்கு என்று மாறி மாறி இட வேண்டும். காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் நாற்றம் எழுவதில்லை. கழிவு நீரும் ஒழுகுவதில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம் கிடைக்கிறது. எரித்த சருகுக்கு இங்கே வேலை வந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆலப்புழையிலும் இதே கதை நிகழ்ந்தது. நகரக் குப்பையை ஏற்று வந்த சர்வோதயபுரத்து மக்கள் மறுத்தெழுந்த பின், 2012 முதல் வீடுதோறும் உரக்கலம் அமைக்கும் இயக்கம் அங்கே பரவியது. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரத்தைக் கழிவு மேலாண்மையில் முன்மாதிரியான நகரங்களுள் ஒன்றாகப் பாராட்டிற்று. மறுத்த கிராமமே நகரத்திற்கு ஆசானாயிற்று எனலாம்.

2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளில் எழுவாய் மீண்டும் மாறிற்று. 'கழிவை உண்டாக்குவோர்' என்ற சொல்லைக் கொண்டு, வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவை கடமை விதித்தன. மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று அவை கூறின. தெருவிலோ நீர்நிலையிலோ எறியலாகாது, எரிக்கலாகாது, புதைக்கலாகாது. குறித்த கட்டணத்தைச் செலுத்த வேண்டும். நூறு பேருக்கு மேல் கூடும் விழா நடத்துவோர் மூன்று நாள் முன்னதாகவே ஸ்தல ஸ்தாபனத்திற்கு அறிவிக்க வேண்டும். பாரிசு நகரத்து மூன்று தொட்டிகளும் அர்த்தசாஸ்திரத்து வாசற்படியும் இங்கே ஒன்று சேர்ந்தன.

அவ்வாண்டு டிசம்பரில் கேரள அரசு ஹரித கேரள இயக்கத்தைத் தொடங்கியது. அதன் வழியே ஊர்தோறும் ஹரித கர்ம சேனை உருவாயிற்று. பெரும்பாலும் குடும்பஸ்ரீ அமைப்பைச் சேர்ந்த பெண்கள் இதில் உள்ளனர். மாநிலமெங்கும் அவர்கள் தொகை முப்பதாயிரத்திற்கும் மிகுதி. வீடுவீடாகச் சென்று, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் முதலிய மக்காத பொருள்களை அவர்கள் பெற்று வருகின்றனர். கிராமங்களில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்னும் அளவில் வாங்கும் கட்டணமே அவர்களுக்கு ஊதியம். 'நம் குப்பையை எடுத்துச் செல்ல நாம் ஏன் பணம் தர வேண்டும்?' என்று கேட்டவர் பலர். வாசலில் அவர்களைக் கடிந்து திருப்பியவரும் உண்டு. 2023 டிசம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த திருத்தச் சட்டங்களாலும், கட்டணம் செலுத்துவது சட்டக் கடமையாயிற்று. குப்பை எறிவோர்க்கும் எரிப்போர்க்கும் தண்டம் கடுமையாயிற்று.

விளம்பரப் பலகைகளுக்கும் குப்பைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். திருமணம், கோயில் விழா, கட்சி மாநாடு எதுவாயினும், சாலையோரத்தில் நட்ட பலகை விழா முடிந்த மறுநாளே குப்பையாகிவிடுகிறது. பி.வி.சி. பூசிய துணியாயின் அது மக்காது; எரித்தால் நஞ்சு; கிழிந்து காற்றில் பறந்தால் ஓடையை அடைக்கும். ஆகவே பலகை நடுவோர் அதைக் கழற்றும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது இயல்பான நீதி. அனுமதியின்றிச் சாலையோரம் நட்ட பலகைகளை அகற்றுமாறு கேரள உயர்நீதிமன்றம் 2018 முதல் பலமுறை ஆணையிட்டு, ஸ்தல ஸ்தாபனங்களின் செயலர்களையும் பொறுப்பாளிகளாக்கிற்று. 2019இல் மாநில அரசு இத்தகைய பிளாஸ்டிக் பலகைகளைத் தடை செய்து, துணியையும் தாளையும் பயன்படுத்தச் சொல்லிற்று. 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று அச்சிட்ட பலகையே நாளை குப்பையாகும் விந்தையை நாம் பல ஊர்களில் காண்கிறோம்.

இத்தனை விதிகள் இருந்தும் வேலை முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு அதற்கு இரு சான்றுகளைத் தந்தது. ஜூலை 13ஆம் நாள், திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய கூலித் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் சிக்கினார். குப்பை மலிந்த சுரங்க ஓடையினுள் பலர் உயிரைப் பணயம் வைத்துத் தேடினர். மூன்றாம் நாளே அவருடைய உடல் கிடைத்தது. அந்தப் பிளாஸ்டிக்கை எறிந்தவர்கள் யாரோ. உயிர் கொடுத்தவர் அவர்.

அவ்வாண்டு டிசம்பரில், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு எல்லை கடந்து, திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் முதலிய கிராமங்களில் கொட்டப்பட்டது தெரிய வந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணையிட்டதன் மேல், கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அதனை அள்ளிச் சென்றனர். திருநெல்வேலி திருவனந்தபுரத்திற்கு அர்த்தசாஸ்திரப் பதிப்பாசிரியரைத் தந்தது. அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததோ மருந்துப் புட்டியும் ஊசியும். விளப்பில்சாலை வாயிலைப் பூட்டிக்கொண்டால், குப்பை பூட்டில்லாத மற்றொரு கிராமத்தைத் தேடிச் செல்கிறது.

எனவே ஊர்க் கட்டுப்பாட்டின் உரைகல் ஒன்றுதான்: நம் வாசலிலிருந்து நீங்கிய பொருள் எவருடைய வாசலில் போய்ச் சேர்கிறது? இவ்வினாவுக்கு விடை தராத விதி, குப்பையை அகற்றும் விதியாகாது. அதை இடம் மாற்றும் விதியே ஆகும். தண்டத்தை அரைக்கால் பணத்திலிருந்து ஆயிரக்கணக்கான ரூபாயாக உயர்த்துவதால் மட்டும் பயன் விளையாது. சமையலறையில் இரண்டு கூடைகளை வைத்துப் பிரிப்பதும், சருகைக் கொளுத்தாமல் உரக்கலத்தில் இடுவதும், நட்ட பலகையை நாமே கழற்றுவதும், வாசலுக்கு வரும் சேனைப் பெண்ணுக்கு முகம் கோணாமல் கட்டணம் தருவதும் சிறு செயல்களே. ஊர் கூடித் தேர் இழுக்கும் நாட்டில் ஊர் கூடிக் குப்பையைத் தீர்ப்பது இயலாத காரியமன்று. தேர்வடத்தை ஒவ்வொருவரும் தம் கையால் பிடிக்க வேண்டும், அவ்வளவே.